பேத்திக்கு முதலில் ஒரு புழுவைக் காட்டு

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. முட்டிவலி குறைந்ததில் பெரிய நிம்மதி. ஆனாலும் மாடிப்படி ஏறுவதை இன்னும் கொஞ்ச நாளைக்குத் தள்ளிப்போடு. நான் நலம். ஓய்வு பெறும் நாள் நெருங்குகிறது, சின்னப் பிள்ளைகளை விட்டு வரத்தான் மனசில்லை.

பேத்தியைப் பற்றி நீ எழுதியதுதான் மனத்தில் ஓடிக்கொண்டே இருக்கிறது. பனி உருகுகிற வீடியோவைப் பார்த்துவிட்டு, "நம்ம வீடும் முழுகிடுமா பாட்டி?" என்று கேட்டு இரவெல்லாம் அழுதாளாமே. ஐந்து வயதுக்கு அது தாங்காத பாரம். பெரியவர்களாலேயே தீர்க்க முடியாததை அந்தப் பிஞ்சுத் தலையில் ஏற்றக் கூடாது. 'பூமியைக் காப்போம்' என்ற அட்டையைக் கையில் கொடுத்துப் படம் எடுப்பதும் எனக்குப் பிடிப்பதில்லை. காப்பாற்றச் சொல்லும் முன்னால் அந்தப் பிள்ளைக்கு ஒரு செடியோடாவது பழக்கம் வேண்டாமா?

எங்கள் பள்ளியில் ஒரு எலுமிச்சைச் செடி இருக்கிறது. அதில் இலைமேல் பறவை எச்சம் மாதிரி ஏதோ ஒட்டியிருந்தது. உற்றுப் பார்த்தால் அது நகர்ந்தது! பறவைகள் கொத்தாமல் இருக்கப் புழு போட்டிருக்கும் வேஷம் அது. சில நாளில் தோலை உரித்துப் பச்சையாகிவிட்டது. ஒரு பையன் குச்சியால் லேசாகத் தொட, தலைக்குப் பின்னாலிருந்து செம்மஞ்சளாக ஒரு கவட்டை நீண்டது, கூடவே ஒரு வாடை. "அதுக்குக் கோவம் வந்திடுச்சு" என்று எல்லோரும் இரண்டடி பின்வாங்கினார்கள்.

அப்புறம்தான் உண்மையான பாடம் தொடங்கியது. புழு இலைகளைத் தின்று தீர்த்துக்கொண்டிருந்தது. செடி பாவம் என்று பாதிப் பேர், புழுவுக்குப் பசிக்குமே என்று மீதிப் பேர். நான் தீர்ப்புச் சொல்லவில்லை. தினமும் போய்ப் பார்க்க மட்டும் சொன்னேன். புழு தண்டில் பட்டுநூலால் தன்னைக் கட்டிக்கொண்டு கூட்டுப்புழுவானது. அது வண்ணத்துப்பூச்சியாக வெளிவந்து, கசங்கிய சிறகு விரிந்து பறக்கும்வரை யாரும் சத்தமே போடவில்லை. அதற்குள் செடியும் துளிர் விட்டிருந்தது. இப்போது அந்தச் செடியில் யாராவது இலையைப் பிய்த்தால் பிள்ளைகளே சண்டைக்குப் போகிறார்கள்.

இது புதிய யோசனையும் இல்லை. 1837-இல் ஜெர்மனியில் கிண்டர்கார்டன் என்ற மழலையர் பள்ளி முறையைத் தொடங்கிய ஃப்ரோபெல், ஒவ்வொரு குழந்தைக்கும் தனியாக ஒரு சிறு பாத்தி வேண்டும், எல்லோருக்கும் பொதுவாகவும் பாத்திகள் வேண்டும் என்று விரும்பினார். என்னுடையது, நம்முடையது என்ற இரண்டையும் பிள்ளை அங்கே ஒன்றாகப் பழகிவிடும்.

உன் பேத்தியோடு நீ உடனே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. ஒரு தொட்டி மண்ணில் காய்ந்த இலை, காகிதத் துண்டு, பருத்தித் துணி, பிளாஸ்டிக் உறை இவற்றைத் தனித்தனியாகப் புதையுங்கள். அவளே தண்ணீர் தெளிக்கட்டும், மண் ஈரமாக இருந்தால் போதும். சில வாரம் கழித்துத் தோண்டச் சொல். காகிதம் இற்றுப்போயிருக்கும், இலை கறுத்துப் பொடியத் தொடங்கியிருக்கும், துணி நைந்திருக்கும். உறை மட்டும் கழுவினால் புதுசு. "அப்போ இது எப்போ போகும்?" என்று கட்டாயம் கேட்பாள். மழுப்பாமல் சொல்லிவிடு: நாம் உயிரோடு இருக்கும் வரைக்கும் போகாது, அதனால்தான் குறைவாக வாங்குகிறோம் என்று. இந்த உண்மையை அவளால் தாங்க முடியும். ஏனென்றால் இதில் அவள் கையால் செய்ய ஒரு வேலை இருக்கிறது.

அந்த வீடியோக்களைக் கொஞ்ச காலம் நிறுத்தி வை. பனிக்கரடியைப் பற்றி அவளாகக் கேட்டால், அதற்காகப் பெரியவர்கள் நிறையப் பேர் உழைக்கிறார்கள் என்று சொல். அது பொய்யில்லை.

தொட்டியில் என்னென்ன புதைத்தாள் என்று அவளையே படம் வரைந்து அனுப்பச் சொல். என் வகுப்புப் பிள்ளைகளிடம் காட்ட வேண்டும்.

அன்புடன்,
உன் தோழி