எங்கள் ஊழியர்களின் பாஸ்வேர்டை அவர்களே மாற்றிக்கொள்ள வழி செய்யுங்கள்

அனுப்புநர்:
அலுவலகப் பொறுப்பாளர்,
வரி ஆலோசகர் அலுவலகம், திருப்பூர்.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
கிளவுட் சர்வர் சேவை நிறுவனம்.

பொருள்: ரிமோட் டெஸ்க்டாப் பாஸ்வேர்ட் காலாவதியானால் மாற்ற வழியில்லாதது பற்றிய புகார்.

ஐயா / அம்மா,

வணக்கம். மூன்று வருடமாக உங்கள் சர்வரில் 11 பேருக்கு ரிமோட் டெஸ்க்டாப் (வேறிடத்திலிருந்து சர்வருக்குள் போய் வேலை பார்க்கும் வசதி) எடுத்து டாலி கணக்கு மென்பொருளை ஓட்டுகிறோம். பெரும்பாலும் பனியன் கம்பெனிகளின் ஜிஎஸ்டி வேலை. சர்வர் நின்றுபோனதாக ஒரு நாளும் உங்களிடம் குறை சொன்னதில்லை. இப்போது எழுதுவது பாஸ்வேர்ட் பற்றி.

போன 20-ஆம் தேதி காலையில், அவிநாசியில் வீட்டிலிருந்து வேலை பார்க்கும் எங்கள் ஊழியரால் உள்ளே போக முடியவில்லை. பாஸ்வேர்ட் காலாவதியாகிவிட்டது, மாற்ற வேண்டும் என்று செய்தி வந்தது. எங்கே போய் மாற்றுவது என்று அதில் இல்லை. மாதாந்திர ஜிஎஸ்டி ரிட்டர்னான ஜிஎஸ்டிஆர்-3பி தாக்கலுக்கு அன்றுதான் கடைசி நாள். 9.40-க்கு உங்களிடம் புகார் டிக்கெட் போட்டோம், 2.15-க்குப் பதில் வந்தது. அவர் கையில் இருந்த 14 ரிட்டர்னில் மூன்று அன்று போகவில்லை. நாள் ஒன்றுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம், கட்டவேண்டிய வரிக்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டி. பணம் சின்னதுதான், நாங்களே கட்டிவிட்டோம். ஆனால் அந்த மூன்று கிளையன்டுகளிடமும் தாமதத்துக்குக் காரணம் சொல்லி நின்றது நாங்கள்.

அதைவிட எனக்குக் கவலை தந்தது உங்கள் பதில் வந்த விதம். புது பாஸ்வேர்டை வாட்ஸ்அப்பில் அனுப்பினீர்கள். போன மாதம் வேறு இரண்டு பேருக்கு அனுப்பிய அதே ‘வெல்கம்@123’. ஆக, எங்கள் அலுவலகத்தில் மூன்று பேருக்கு ஒரே பாஸ்வேர்ட், அது உங்கள் ஆட்களுக்கும் தெரியும். அந்த சர்வரில் கிளையன்டுகளின் பேங்க் ஸ்டேட்மென்ட், பான் எண், சம்பளப் பட்டியல் எல்லாம் இருக்கின்றன. நாளைக்கு ஒரு பதிவு அழிந்தால் யார் செய்தது என்று நான் எப்படிச் சொல்வேன்?

சரி, உடனே மாற்றிவிடலாம் என்று அந்த ஊழியர் உள்ளே போய் கன்ட்ரோல், ஆல்ட், எண்ட் மூன்றையும் சேர்த்து அழுத்தி முயன்றார். நீளம், சிக்கல்தன்மை, பழைய பாஸ்வேர்ட் விதிகளுக்குப் பொருந்தவில்லை என்று மறுத்தது. இன்னும் நீளமாக, எண்ணும் குறியும் சேர்த்து ஏழெட்டு முறை போட்டுப் பார்த்தார். அப்புறம்தான் விஷயம் புரிந்தது. விண்டோஸ் டொமைனில் (எல்லோரின் லாகினையும் ஒரே இடத்தில் நிர்வகிக்கும் அமைப்பில்) ஒருமுறை மாற்றிய பாஸ்வேர்டை ஒரு நாள் கழியாமல் மாற்ற விடாத விதி ஒன்று இருக்கிறது. நீங்கள் ரீசெட் செய்ததையும் அது ஒரு மாற்றமாகவே எடுத்துக்கொண்டது. கடைசி நாள் அவசரத்தில், தப்பு தன்னுடையதோ என்று நினைத்து அவர் அழாத குறை.

ஐந்து நாள் முன்பே எச்சரிக்கை வரும் என்றார் உங்கள் ஆள். அது புதிதாக லாகின் செய்யும்போதுதான் வரும். எங்கள் ஆட்கள் சாயங்காலம் லாக்அவுட் செய்யாமல் விண்டோவை மட்டும் மூடிவிட்டு, மறுநாள் அதே செஷனுக்குத் திரும்புகிறவர்கள். வேண்டுமானால் என்எல்ஏ என்ற நுழைவுச் சரிபார்ப்பை அணைத்துவிடலாம், காலாவதியானாலும் உள்ளே போய் மாற்றலாம் என்றும் சொன்னார். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். பாஸ்வேர்டைச் சரிபார்த்த பிறகே செஷனைத் திறக்கும் காவல் அது. அதை எடுத்தால் சர்வரின் லாகின் திரை யார் வேண்டுமானாலும் வந்து தட்டும் கதவாகிவிடும்.

இதற்கான வழி நீங்கள் நடத்தும் சர்வரிலேயே இருக்கிறது. ஆர்டி வெப், அதாவது பிரவுசர் வழியாக ரிமோட் டெஸ்க்டாப்புக்குப் போகும் பக்கத்தின் முகவரியை முதல் நாளே எங்களுக்குத் தந்தீர்கள். விண்டோஸ் சர்வர் 2012 முதல் அதோடு பாஸ்வேர்ட் மாற்றும் பக்கமும் சேர்ந்தே வருகிறது. சர்வரில் வெப் பக்கங்களை நிர்வகிக்கும் ஐஐஎஸ் மேனேஜரில் ஆர்டி வெப்பின் ‘பேஜஸ்’ பகுதிக்குப் போய், அப்ளிகேஷன் செட்டிங்ஸில் ‘பாஸ்வேர்ட்சேஞ்ச்எனேபிள்ட்’ என்பதை ‘ட்ரூ’ ஆக்கினால் போதும். காலாவதியான பாஸ்வேர்டோடு வந்தாலும், பழையதைக் கொடுத்துப் புதியதை அவர்களே வைத்துக்கொள்ளலாம். புதிதாக எதுவும் வாங்க வேண்டாம். இத்தனை நாள் அதை ஏன் திறந்து வைக்கவில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

அந்தப் பக்கத்தை எங்கள் 11 பேருக்கும் இந்த வாரமே திறந்துவிடுங்கள். முகவரியை மெயிலில் அனுப்புங்கள், லாகின் பக்கத்திலும் அதன் இணைப்பு தெரியட்டும். காலாவதியாவதற்கு ஒரு வாரம் முன்பு ஒவ்வொருவருக்கும் மெயில் வர வேண்டும். யாருக்கும் இனி வாட்ஸ்அப்பில் பாஸ்வேர்ட் வேண்டாம். நீங்கள் ரீசெட் செய்தே ஆக வேண்டிய நிலை வந்தால், ஆளுக்கு ஒன்றாகத் தற்காலிக பாஸ்வேர்டைப் போனில் சொல்லுங்கள், அன்றே மாற்ற முடிகிற மாதிரி அந்த ஒரு நாள் விதியையும் தளர்த்துங்கள். பாஸ்வேர்ட் 42 நாளில் காலாவதியாகும் கெடு விண்டோஸில் தானாக இருப்பது. அதுவே வேண்டுமா என்றும் யோசியுங்கள். பாஸ்வேர்டை நாள் கணக்கில் காலாவதியாக்கும் பரிந்துரையை மைக்ரோசாஃப்டே 2019-இல் தன் பாதுகாப்பு அடிப்படை விதிகளிலிருந்து எடுத்துவிட்டது.

அன்றைய தினத்துக்கு அந்த ஒருவரின் வாடகையை அடுத்த பில்லில் கழித்துத் தாருங்கள். அவருடைய அடுத்த 42 நாள் முடிவதற்குள் இவற்றைச் செய்து முடித்து, எழுத்தில் பதில் அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறேன். டிக்கெட்டின் நகலையும், ‘வெல்கம்@123’ வந்த மூன்று வாட்ஸ்அப் செய்திகளின் படங்களையும் இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
அலுவலகப் பொறுப்பாளர்