லேப் ஸ்கூல் விஷயமாக அப்பா எழுதுவது

அன்புள்ள தாயிக்கு,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி முன்னைக்குத் தேவலை.

பேரனைச் சிகாகோ பல்கலைக்கழகத்தின் லேப் ஸ்கூலில் சேர்க்கலாமா, இல்லை பக்கத்திலிருக்கிற ரே அரசுப் பள்ளியே போதுமா என்று கேட்டிருந்தாய். "சிகாகோவில் இருக்கிற பள்ளிக்கூடத்தைப் பற்றிக் கோவில்பட்டியில் இருக்கிற நமக்கு என்ன தெரியும்" என்று அம்மா ஒரே போடாகப் போட்டுவிட்டாள். வாஸ்தவம்தான். இருந்தாலும் நீ அனுப்பியதையெல்லாம் படித்தேன். அந்த லேப் ஸ்கூலைத் தொடங்கிய தத்துவப் பேராசிரியர் ஜான் டூயி 1899இல் பெற்றோர்களைக் கூட்டிவைத்துப் பேசிய பேச்சுகளையும் தேடிப் படித்தேன். ரிட்டயர் ஆனவனுக்கு வேறென்ன வேலை?

அம்மாவுக்கு முதலில் வந்த சந்தேகம், ஹாஸ்டலில் விட்டுவிடுவார்களோ என்பது. இல்லை, காலையில் போய்ச் சாயங்காலம் வீடு வந்து சேர்கிற பள்ளி என்றதும் பாதி மனசு ஆறிவிட்டது. ஆண், பெண் பிள்ளைகள் சேர்ந்து படிப்பது. அரசாங்கம் நடத்துவதில்லை, மிஷன் பள்ளியும் இல்லை, லாபத்துக்கு நடத்துவதும் இல்லை. பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது, பிள்ளைகள் கட்டுகிற கட்டணத்திலும் நன்கொடையிலும் ஓடுகிறது. நர்சரியில் நுழைந்தால் பன்னிரண்டாவது முடித்து வெளியே வரலாம். இதைச் சொன்னதும், "அப்போ ஒருதடவை சேர்த்தால் போதும், வருஷா வருஷம் சீட்டுக்கு அலைய வேண்டாம்" என்றாள். அவள் கணக்கு அவளுக்கு.

1896 ஜனவரியில் 16 பிள்ளைகளோடு ஒரு வீட்டில் ஆரம்பித்திருக்கிறார்கள். ஆறே வருடத்தில் பிள்ளைகள் 140, ஆசிரியர்கள் 23. டூயி பள்ளிக்குச் சாமான் வாங்கச் சிகாகோ கடைகளில் அலைந்த கதை ஒன்றைச் சொல்கிறார். பிள்ளைகளுக்கு ஏற்ற மேசை, பெஞ்சு எங்கேயும் கிடைக்கவில்லை. கடைசியில் ஒரு கடைக்காரர், "நீங்கள் கேட்பது பிள்ளைகள் உட்கார்ந்து வேலை செய்கிற மேசை. எங்களிடம் இருப்பதெல்லாம் பாடம் கேட்பதற்கு" என்றாராம். பெரிய படிப்பாளிகளுக்குத் தோன்றாததை ஒரு வியாபாரி ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டார் பார்.

அப்புறம் பருத்தி. அந்த இடத்தில்தான் எனக்கு நிமிர்ந்து உட்காரத் தோன்றியது. துணி எப்படி வருகிறது என்று தெரிந்துகொள்ள, பிள்ளைகள் கையில் பருத்தியையும் ஆட்டு ரோமத்தையும் அப்படியே கொடுத்திருக்கிறார்கள். கம்பளித் துணி முதலில் பரவி, பருத்தித் துணி ஏன் பிந்தி வந்தது என்று கேள்வி. ஒரு குழு அரை மணி நேரம் உட்கார்ந்து கையால் கொட்டையை எடுத்துப் பார்த்தது. கிடைத்த பஞ்சு ஓர் அவுன்ஸுக்கும் குறைவு, அதாவது முப்பது கிராம்கூடத் தேறவில்லை. ஒரு ஆள் நாள் முழுக்க இருந்தாலும் ஒரு பவுண்டுதான் எடுக்க முடியும் என்பதை நம்புவது அவர்களுக்குச் சுலபமாகிவிட்டது. இழையை இழுத்துப் பார்த்து, பருத்தி குட்டை, வழுக்கும்; ரோமம் நீளம், சொரசொரப்பால் ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளும், அதனால் திரிக்கச் சுலபம் என்பதையும் அவர்களே கண்டுபிடித்தார்கள். அந்தக் காரணங்களிலிருந்து, கொட்டையைப் பிரித்தெடுக்கிற ஜின் இயந்திரத்துக்கும், அங்கிருந்து ஆலைகளுக்கும், சரித்திரத்துக்கும் பாடம் நகர்கிறது.

நான் ஜின்னிங் மில்லில் வாழ்நாளைக் கழித்தவன். வண்டியில் வந்து இறங்கும் பருத்தியில் ஒரு பிடி எடுத்து, கொட்டையிலிருந்து பஞ்சைப் பிய்த்து, இரண்டு கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து இழுத்து, பிரித்து, மறுபடி மேலே மேலே அடுக்கி இழுப்போம். நாலைந்து தடவையில் இழைகள் சீப்பு வாரியது போல் நேராகிவிடும். நீளம், பலம், பிஞ்சா முற்றலா என்பதெல்லாம் விரலுக்கே தெரியும். நூறு கிலோ பருத்தி அரைத்தால் பஞ்சு முப்பத்து மூன்று, முப்பத்து நாலு கிலோ வரும், மிச்சம் கொட்டை. இதெல்லாம் எனக்கு எந்தப் பள்ளியும் சொல்லிக்கொடுக்கவில்லை. கரிசல் காட்டில் பருத்தி நடுவே இருந்த எங்கள் பள்ளிக்கூடத்தில், "பருத்தி கரிசல் மண்ணில் விளையும்" என்று பத்துத் தடவை எழுதச் சொன்னார்கள், அவ்வளவுதான். ஜன்னலுக்கு வெளியே காய் வெடித்து நிற்கும்.

ஒன்று மட்டும் சொல்லணும். டூயி பருத்தி இழையின் நீளத்தை ரொம்பவே குறைத்துச் சொல்லியிருக்கிறார். நம் ஊர்க் கருங்கண்ணிப் பருத்தியே முக்கால் அங்குலத்துக்குக் குறையாது. தத்துவப் பேராசிரியருக்கு அவ்வளவு தெரிந்ததே பெரிது என்று விட்டுவிட்டேன்.

அவர் அங்கே ரொம்ப நாள் இருக்கவில்லை என்பதையும் நினைவில் வை. மனைவி ஆலிஸ் பள்ளியின் பிரின்சிபாலாக நீடிப்பதா வேண்டாமா என்பதில் பல்கலைக்கழகத் தலைவரோடு மனஸ்தாபம் வந்து, 1904இல் வேலையை விட்டு, நியூயார்க் போய்விட்டார். பள்ளியின் மொத்த வயதில் அவர் இருந்தது எட்டு வருடம். அதனால் அவர் பேரைச் சொல்லி யாராவது மயக்கினால் மயங்கிவிடாதே. நூறு வருடத்துக்கு முந்தைய பருத்தி வகுப்பை நம்பி இப்போது பணம் கட்ட முடியாது.

ஆனால் அந்த வழி அவரோடு போய்விடவில்லை என்பதற்கு ஒரு சாட்சி இருக்கிறது. விவியன் பேலி என்கிற அம்மா அங்கே கிண்டர்கார்ட்டன் டீச்சராகப் பல வருடம் இருந்தவர். 1989இல் மெக்ஆர்தர் பரிசு கொடுத்தார்கள். பெரிய விஞ்ஞானிகள் வாங்குகிற பரிசு. குழந்தைகளுக்குப் பாடம் நடத்துகிற ஒருவருக்குக் கிடைத்தது. அவர் செய்தது இவ்வளவுதான்: பிள்ளை கதை சொல்லும், இவர் வார்த்தை மாற்றாமல் எழுதிக்கொள்வார். அன்றைக்கே வகுப்பு முழுக்கச் சேர்ந்து அதை நடித்துக் காட்டும். "ஒரு கரடி வந்துச்சு. அப்பா போயிட்டார்" என்று இரண்டு வரி இருந்தாலும் அது கதைதான், அதற்கும் ஆட்கள் நடிக்க வருவார்கள். இன்னொன்று, "நீ எங்களோடு விளையாட வராதே" என்று யாரும் யாரையும் சொல்லக் கூடாது என்று வகுப்பில் ஒரு சட்டம் போட்டார். போடுவதற்கு முன்னால் பெரிய வகுப்புப் பிள்ளைகளிடமெல்லாம் போய், இது நியாயமா, நடக்குமா என்று விவாதித்திருக்கிறார். நம் பயல் கூச்ச சுபாவம், தமிழும் இங்கிலீஷும் கலந்து பேசுகிறவன். அவனுக்கு அல்ஜீப்ராவைவிட இந்தச் சட்டம்தான் முதலில் தேவைப்படும்.

பெரிய வகுப்புகளைப் பற்றி இப்போது கவலைப்படாதே. நல்ல அறிவியல் கூடம், நாடகம், இசை, பல மொழிகள், பிள்ளைகளே நடத்துகிற 'மிட்வே' பத்திரிகை எல்லாம் இருக்கிறது. கடைசி வருடம் மே மாதத்தில் வகுப்பை விட்டுவிட்டு, தானே ஒரு வேலையைத் தேர்ந்தெடுத்துச் செய்கிற 'மே ப்ராஜெக்ட்' எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் அதற்கெல்லாம் இன்னும் பன்னிரண்டு, பதின்மூன்று வருடம் இருக்கிறது.

இனிப் பணத்துக்கு வருவோம். முழு நாள் வகுப்புக்கு வருடத்துக்கு 30,000 டாலருக்கு மேல் என்றதும் அம்மா ரூபாயில் பெருக்கச் சொன்னாள். பெருக்கினேன், அப்புறம் இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. மாப்பிள்ளை பல்கலைக்கழக ஆஸ்பத்திரியில் இருப்பதால் சலுகை கிடைக்கும், வருமானத்தைப் பார்த்து உதவியும் தருவார்கள் என்று எழுதியிருக்கிறாய். அதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பதின்மூன்று வருடத்துக்கும் கணக்குப் போடுங்கள், ஒரு வருடத்துக்குப் போடாதீர்கள். இரண்டாவது பிள்ளை வந்தால் இரண்டு கட்டணம்.

டூயியின் பேச்சில் ஒரு இடம் என்னை ரொம்ப உறுத்தியது. நல்ல, விவேகமான பெற்றோர் தன் பிள்ளைக்கு எதை விரும்புகிறாரோ, அதையே சமூகம் தன் எல்லாப் பிள்ளைகளுக்கும் விரும்ப வேண்டும் என்கிறார். சொன்னவர் தொடங்கிய பள்ளிக்குள் இன்று எல்லாப் பிள்ளைகளும் போக முடியாது. ஒபாமா காலத்தில் ஏழு வருடம் கல்வி மந்திரியாக இருந்த ஆர்னி டன்கன், அதற்கு முன்னால் சிகாகோ அரசுப் பள்ளிகளுக்கே தலைவராக இருந்தவர், படித்தது லேப் ஸ்கூலில். குற்றம் சொல்லவில்லை. நம் ஊர்க் கல்வி அதிகாரிகள் வீட்டுப் பிள்ளைகள் எங்கே படிக்கிறார்கள் என்று உனக்கே தெரியும்.

ரே பள்ளி இலவசம், வீட்டு வரியில் நடப்பது, உங்கள் எல்லைக்குள் இருப்பதால் இடம் கேட்டு நிற்க வேண்டாம். உன்னை நகராட்சிப் பள்ளியில் போட்டபோது சொந்தக்காரர்கள் பேசாத பேச்சில்லை. நீ வந்து சேர்ந்திருக்கிற இடத்தைப் பார்த்தால் அதில் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. அதனால் ரேயை "கிடைக்காவிட்டால் பார்த்துக்கொள்ளலாம்" என்ற வரிசையில் வைக்காதே. இரண்டையும் ஒரே கண்ணால் பார்.

என் யோசனை இதுதான். சின்னப் பிள்ளைகளுக்கு ஸ்டோனி ஐலண்ட் அவென்யூவில் தனிக் கட்டடம், ஏர்ல் ஷாபிரோ ஹால் என்று இருக்கிறதாமே. விழா நாளில் போகாதே, சாதாரண நாளில் வகுப்பைப் பார்க்க விடச் சொல். டீச்சர் எவ்வளவு நேரம் பேசுகிறார், பிள்ளைகள் எவ்வளவு நேரம் கையால் எதையாவது செய்கிறார்கள் என்று பார். ஒரு பிள்ளை கதை சொன்னால் எழுதிக்கொள்ள யாராவது நேரம் ஒதுக்குகிறார்களா? செய்தது தப்பாகப் போனால் டீச்சர் உடனே வாங்கிச் சரி செய்கிறாரா, விட்டுப் பார்க்கிறாரா? ரேயிலும் போய் இதையே பார். லேப் ஸ்கூலில் இதெல்லாம் கண்ணெதிரே நடந்தால், கட்டணம் உங்கள் சம்பளத்துக்குள் அடங்கினால், யோசிக்காமல் சேர். சுவரில் படமாக மட்டும் மாட்டியிருந்தால் ரேயில் போட்டுவிட்டு, சனிக்கிழமைகளில் நீயே அவனை எதையாவது செய்ய விடு.

கடன் வாங்கிச் சேர்க்க வேண்டாம். காட்டை விற்றுத் தருகிறேன் என்றும் நான் சொல்ல மாட்டேன், நீயும் கேட்க மாட்டாய் என்று தெரியும்.

மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போ. அவர் எதையும் சட்டென்று நம்ப மாட்டார், அது இதற்கு நல்லது. பார்த்துவிட்டு வந்ததும் போன் பண்ணு. இங்கே காலை ஒன்பதுக்கு மேல் என்றால் நான் பேப்பர் படித்து முடித்திருப்பேன், உங்களுக்கு ராத்திரி பத்தரை இருக்கும், பயலும் தூங்கியிருப்பான்.

அன்புடன்,
அப்பா