சிங்கப்பூர்ச் சுற்றுலா விற்கும் முகவர்களுக்கு: ‘செந்தோசாவுக்கு அருகில்’ என்று எழுதாதீர்கள்

திருச்சி, சென்னை, மதுரை, கோவையில் ‘நான்கு இரவு, ஐந்து பகல்’ சிங்கப்பூர்ப் பயணம் ஏற்பாடு செய்து தரும் முகவர்களுக்கு வணக்கம்.

நீங்கள் தரும் விலைச்சீட்டில் விமானத்துக்கு நான்கு வரி, செந்தோசாத் தீவில் உள்ள யுனிவர்சல் ஸ்டூடியோஸ் கேளிக்கைப் பூங்காவின் நுழைவுச்சீட்டுக்கு மூன்று வரி இருக்கும். தங்குமிடத்துக்கு ஒரே வரி: ‘செந்தோசாவுக்கு அருகில், 3 ஸ்டார் ஹோட்டல் அல்லது அதற்கு இணையானது.’ பயணத்தில் பணமும் தூக்கமும் ஒருசேரக் கரைவது அந்த ஒரு வரியில்தான். அதை எப்படிப் பிரித்து எழுதலாம் என்று சொல்லத்தான் இந்த மடல்.

முதலில் அந்த ‘அருகில்’. செந்தோசாத் தீவுக்குள்ளேயே தங்கினால் பூங்காவுக்கு நடந்து போய்விடலாம். ஆனால் அங்கே மலிவு அறை என்று ஒன்று கிடையாது. தீவுக்கு எதிர்க்கரையிலும் ஹோட்டல்கள் குறைவு, விலை அதிகம். வரைபடத்தில் மூன்று நான்கு கிலோமீட்டர் வட்டம் போட்டால் அலெக்சாண்ட்ரா பக்கம் சில விலை குறைந்த இடங்கள் வரும். அங்கிருந்து பெரும்பாலும் பேருந்துதான். நிறுத்தம் வரை நடை, பேருந்துக்குக் காத்திருப்பு எல்லாம் சேர்த்துப் பார்த்தால், ஏழு கிலோமீட்டர் தள்ளி இருப்பவர் ரயிலில் முன்னதாக வந்துவிடுவார். பாலஸ்டியர் சாலையில் மலிவு ஹோட்டல்கள் வரிசையாக இருக்கின்றன. அந்தச் சாலையில் ரயில் நிலையமே கிடையாது. சிங்கப்பூரில் தூரத்தைக் கிலோமீட்டரில் அளக்கக் கூடாது. ‘அறைக் கதவிலிருந்து ரயில் நிலைய வாசல் வரை எத்தனை நிமிடம், அதன்பின் எத்தனை ரயில் மாற வேண்டும்’ என்றுதான் கேட்க வேண்டும்.

பூங்காவுக்குப் போகும் ரயில் ஊதா நிற வழித்தடம், அதாவது வடகிழக்குப் பாதை. 2003 முதல் ஓடுகிறது. அதன் தென்கோடி ஹார்பர்ஃபிரண்ட் நிலையம். அதற்கு முன்னால் வரிசையாக ஊட்ராம் பார்க், சைனாடவுன், கிளார்க் கீ, தோபி காட், லிட்டில் இந்தியா, ஃபேரர் பார்க். லிட்டில் இந்தியாவில் ஏறினால் ரயில் மாறவே வேண்டாம், கால் மணி நேரத்தை ஒட்டித்தான் ஆகும், பெரியவர் கட்டணம் இரண்டு வெள்ளிக்குள் (வெள்ளி என்றால் சிங்கப்பூர் டாலர்). கடைசி நிலையம் என்பதால் காலையில் இறங்கத் தவறும் பேச்சே இல்லை. மாலையில் அங்கேதான் ரயில் புறப்படுகிறது. நடந்து களைத்த பிள்ளைகளுக்கு உட்கார இடம் கிடைக்கும். மலிவு அறை இருக்கும் இடமும் நம் சாப்பாடு கிடைக்கும் இடமும் ஒரே ரயிலில் பூங்காவோடு இணைந்திருப்பது நமக்கு வாய்த்த வசதி. ஆகவே ‘செந்தோசாவுக்கு அருகில்’ என்பதை அடித்துவிட்டு, ‘ஊதா வழித்தடத்தில், நிலையத்திலிருந்து இத்தனை நிமிட நடை’ என்று எழுதுங்கள்.

ஹார்பர்ஃபிரண்டில் இறங்கியதும் என்ன செய்வது என்பதையும் சீட்டில் சேர்க்கலாம். நிலையத்துக்கு மேலேயே விவோசிட்டி பேரங்காடி. அதன் மூன்றாம் தளத்தில் செந்தோசா எக்ஸ்பிரஸ் ரயில். தீவுக்குள் போக ஒருவருக்கு 4 வெள்ளி, திரும்பி வரக் கட்டணம் இல்லை. முதல் நிறுத்தமான ரிசார்ட்ஸ் வேர்ல்டில் இறங்க வேண்டும். நான்கு பேருக்கு 16 வெள்ளி. அது வேண்டாமென்றால் மூன்றாம் தளத்துக்கு ஏறாமல், முதல் தளத்தில் (இங்கே தரைத்தளமே முதல் தளம்) கடலைப் பார்த்த பக்கம் வெளியே வந்தால் செந்தோசா போர்டுவாக் என்ற நடைபாலம் இருக்கிறது. கூரை உண்டு, இடையிடையே நகரும் நடைபாதை உண்டு, பத்துப் பன்னிரண்டு நிமிடம், கட்டணம் இல்லை. வெயிலோ மழையோ பெரிய தொந்தரவில்லை. மாலையில் பூங்கா மூடும் நேரத்தில் எக்ஸ்பிரஸ் ரயிலுக்கு வரிசை நீளும்போது, பாலத்தில் நடப்பவர்கள் முன்னதாகவே விவோசிட்டி சேர்ந்துவிடுவதும் உண்டு.

ரயிலுக்குத் தனிச் சீட்டு வாங்க வேண்டியதில்லை, வங்கி அட்டையைத் தட்டிவிட்டுப் போகலாம். ஆனால் ஓர் அட்டையைக் குடும்பமே மாற்றி மாற்றித் தட்ட முடியாது; ஆளுக்கு ஒன்று வேண்டும். இந்திய அட்டையில் வெளிநாட்டுப் பயன்பாட்டையும் தொடாமல் செலுத்தும் வசதியையும் ஊரிலேயே திறந்துவிட்டு வரச் சொல்லுங்கள். வாயிலில் சிவப்பு விளக்கு எரிவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

இனி எந்தத் தெரு. தேக்கா என்று இங்குள்ளவர்கள் சொல்லும் லிட்டில் இந்தியாவில் டன்லப் தெரு, டிக்சன் சாலை, கிச்சனர் சாலை, சிராங்கூன் சாலையின் இருபுறமும் சின்ன ஹோட்டல்கள் நிறைய. முஸ்தபா பேரங்காடி இருக்கும் சையது அல்வி சாலைப் பக்கம் என்றால் ஃபேரர் பார்க் நிலையம் நெருக்கம். டெஸ்கர் சாலை, ரோவெல் சாலையின் பின்சந்துகளில் நெடுங்காலமாகப் பாலியல் தொழில் நடப்பது ஊரறிந்தது. குழந்தைகளோடு வருபவர்களுக்கு அங்கே அறை போட்டுவிட்டு ‘முஸ்தபாவிலிருந்து இரண்டு நிமிடம்’ என்று மட்டும் சொல்வது நியாயமில்லை. கேலாங்கில் இன்னும் மலிவு. அங்கே இரட்டை எண் கொண்ட லோரோங்குகள் (சந்துகள்) சிவப்பு விளக்குப் பகுதி, ஒற்றை எண் பக்கம் சாப்பாட்டுக் கடைகள். பச்சை வழித்தடத்தில் அல்ஜுனிட்டில் ஏறி ஊட்ராம் பார்க்கில் ஊதாவுக்கு மாற வேண்டும். இரவு எட்டு மணிக்குத் தூங்கி வழியும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அந்த மாற்றம் சுலபமில்லை.

ஞாயிறு மாலை தேக்காவில் கூட்டம் நெரியும். விடுமுறை நாளில் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் நண்பர்களைப் பார்க்கவும் ஊருக்குப் பணம் அனுப்பவும் வருகிறார்கள். பயப்பட ஒன்றுமில்லை, பெட்டி இழுத்துக்கொண்டு நடப்பதுதான் சிரமம். லிட்டில் இந்தியாவும் கேலாங்கும் மதுக் கட்டுப்பாட்டு வட்டாரங்கள். சனி காலை 7 முதல் திங்கள் காலை 7 வரை பொது இடத்தில் குடிக்கக் கூடாது. ஆண்கள் குழுவாக வரும் பயணங்களில் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

தேக்கா கிடைக்காவிட்டால் சைனாடவுன். அங்கிருந்து பூங்காப் பக்கம் இரண்டே நிறுத்தம். சௌத் பிரிட்ஜ் சாலையில் மாரியம்மன் கோவிலும் இருக்கிறது. சைவச் சாப்பாட்டுக்குக் கொஞ்சம் தேட வேண்டும், அவ்வளவுதான்.

விலைக்கு வருவோம். சிங்கப்பூர் ஹோட்டல் விலையின் பின்னால் ‘++’ என்று இரண்டு கூட்டல் குறி இருந்தால், 10 விழுக்காடு சேவைக் கட்டணமும் 9 விழுக்காடு பொருள் சேவை வரியும் அதில் சேரவில்லை என்று பொருள். இரண்டையும் கூட்டி 19 என்று போடக் கூடாது. வரி, சேவைக் கட்டணம் சேர்ந்த தொகையின் மேல் விழுகிறது. 100 வெள்ளி 110 ஆகி, அதன் மேல் 9.90 வரி ஏறி 119.90 ஆகும். ‘120++’ என்று காட்டிய அறை நான்கு இரவுக்கு 480 அல்ல, 575 வெள்ளி 52 காசு. வித்தியாசம் 95 வெள்ளி 52 காசு. சில சின்ன ஹோட்டல்கள் எல்லாம் சேர்த்த விலையையே சொல்லும்; அப்போது எண் பெரிதாகத் தெரிந்தாலும் அதுவே மலிவாக இருக்கலாம். முன்வைப்புத் தொகையையும் மறக்காதீர்கள். பதிவு மேசையில் 50, 100 வெள்ளி கேட்பது வழக்கம். டெபிட் அட்டையில் பிடித்துவைத்தால் திரும்பி வரப் பல நாள் ஆகலாம், ஊருக்குப் போன பிறகுகூட வரலாம்.

அடுத்தது அறையின் அளவு. மலிவு அறை என்றால் பத்துச் சதுர மீட்டரை ஒட்டி இருக்கும். நம் கணக்கில் பன்னிரண்டுக்கு ஒன்பதடி, குளியலறையும் அதற்குள்ளேயே. குவீன் கட்டில் 32 சதுர அடியை எடுத்துக்கொள்ளும், குளியலறை இருபத்தைந்தைத் தின்னும். மிச்சத்தில் இரண்டு பெரிய பெட்டிகளை ஒரே நேரத்தில் தரையில் திறந்து வைக்க முடியாது; ஒன்றைக் கட்டில்மேல் திறந்து, மூடி, சுவரோரம் நிறுத்திவிட்டுத்தான் அடுத்தது. பழைய கடைவீடுகளை மாற்றிக் கட்டியவற்றில் மின்தூக்கி இல்லாமலும் இருக்கலாம். முட்டிவலி உள்ள பெரியவர்கள் வருகிறார்கள் என்றால் இதைக் கேட்காமல் பணம் கட்டாதீர்கள்.

ஜன்னல் இல்லாத அறை இங்கே சாதாரணம். விலை குறைவதற்கு முதல் காரணமும் அதுதான். ‘உள்முக ஜன்னல்’ என்று எழுதியிருந்தால் அது நடைவழியையோ காற்றுக்காக விட்ட குறுகிய இடைவெளியையோ பார்த்திருக்கும். பகல் முழுக்க வெளியே சுற்றுபவருக்கு இது பெரிய குறையில்லை. பூங்காவுக்குப் போகிறவருக்குத்தான் ஒரு சிக்கல்: ஜுராசிக் பார்க் ரேப்பிட்ஸ் படகுச் சவாரியில் சட்டை முதல் காலணி வரை நனையும். ஜன்னலில்லாத அறையில் நனைந்த ஜீன்ஸ் மறுநாள் காலையிலும் சொதசொதவென்றுதான் இருக்கும், ஷூ நாறத் தொடங்கிவிடும். மாற்றுச் செருப்பு, சீக்கிரம் காயும் உடை, ஒரு பிளாஸ்டிக் பை. சவாரிக்கு முன் மழைக்கோட்டு போட்டால் போதும் என்று சொல்லாதீர்கள். இருக்கையில் தேங்கிய தண்ணீரை அது தடுக்காது.

குழந்தைக் கணக்கில்தான் அதிகம் சண்டை வருகிறது. விலை குறைவாகத் தெரிய வேண்டும் என்று ‘இரண்டு பெரியவர்’ என்று மட்டும் பதிவு செய்கிறீர்கள். இங்கே தங்கும் ஒவ்வொருவரின் கடவுச்சீட்டும் பதிவாகும். மேசையில் நான்கு கடவுச்சீட்டை வைத்ததும், இரண்டு பேருக்கான அறையைத் தர மாட்டார்கள். அன்றைய விலையில் இன்னோர் அறை எடுக்கச் சொல்வார்கள். பன்னிரண்டு வயதானவரைப் பெரியவராகக் கொள்ளும் இடங்கள் பல, அந்த எல்லை ஹோட்டலுக்கு ஹோட்டல் மாறும். பிள்ளைகளின் வயதைக் கொடுத்தே தேடுங்கள். நான்கு பேருக்கான அறை ஒன்றையும், பக்கத்துப் பக்கத்து இருவர் அறை இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டாவது மலிவாக வருவது அபூர்வமில்லை. கேப்சூல் விடுதி (பெட்டி போன்ற ஒற்றைப் படுக்கை) தனியாளுக்குச் சரி. நான்கு படுக்கை விலையைக் கூட்டினால் அது ஓர் அறை விலைக்கு வந்து நிற்கும், சிறுவர்களைச் சேர்க்காத இடங்களும் உண்டு.

இப்போது தேதி. நம்மூரிலிருந்து வரும் விமானங்களில் பல இரவில் கிளம்பி விடியலில் இறங்குபவை. அறை கிடைப்பதோ பிற்பகல் 2 அல்லது 3 மணிக்கு. பெட்டியை வைத்துக்கொள்வார்கள், படுக்கை தர மாட்டார்கள். அந்த நாளிலேயே யுனிவர்சலுக்குச் சீட்டுப் போடுவது, தூங்காத பிள்ளைகளை வரிசையில் நிறுத்துவதற்குத்தான். இன்னொரு வகை இன்னும் மோசம். 10ஆம் தேதி மாலை கிளம்பி, 11ஆம் தேதி அதிகாலை 1 மணிக்கு இறங்குபவருக்கு 10ஆம் தேதியிலிருந்து அறை வேண்டும். அப்படியே போட்டாலும், ‘நள்ளிரவுக்குப் பின் வருவார்’ என்று ஹோட்டலுக்கு எழுதி உறுதி வாங்காவிட்டால், வராதவர் என்று குறித்து நான்கு இரவையும் ரத்து செய்துவிடும் இடங்கள் உண்டு. அந்த நேரத்தில் ரயிலும் இல்லை. டாக்ஸியில் நள்ளிரவு முதல் காலை 6 வரை மீட்டர் தொகையில் பாதி கூடுதல். பகலில் வருபவர்கள் சாங்கியில் ஏறி, அடுத்த நிலையமான எக்ஸ்போவில் நீல வழித்தடத்துக்கு மாறினால் நேரே லிட்டில் இந்தியா.

மலிவு என்ற பெயரில் இரண்டு விஷயங்களை விற்கவே விற்காதீர்கள். ஒன்று, வீவக (அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) அடுக்குமாடி வீட்டில் நாள் வாடகை அறை. அந்த வீடுகளை ஆறு மாதத்துக்குக் குறைவாகவும், தனியார் குடியிருப்புகளை மூன்று மாதத்துக்குக் குறைவாகவும் வாடகைக்கு விடக் கூடாது. உறவினர் வீட்டில் சும்மா தங்குவது வேறு, காசுக்குத் தங்குவது வேறு. பக்கத்து வீட்டார் புகார் கொடுத்தால் அந்த இரவே தெருவில் நிற்கப் போவது உங்கள் வாடிக்கையாளர். நாட்டுக்குள் வர நிரப்பும் நுழைவு அட்டையில் எழுதிய முகவரியும் பொய்யாகிவிடும். இன்னொன்று, எல்லைக்கு அப்பால் மலேசியாவில் இருக்கும் ஜொகூர் பாருவில் தங்கிவிட்டுப் பகலில் பூங்காவுக்கு வருவது. அறை பாதி விலைக்குக் கிடைக்கும்தான். இரு நாட்டையும் இணைக்கும் பாலம் ஒரு கிலோமீட்டர் சொச்சம்தான். ஆனால் இரு பக்கமும் குடிநுழைவு வரிசை. விடுமுறை நாளில் மணிக்கணக்காகும். சிங்கப்பூர் விசா ஒருமுறை நுழைவுக்கானது என்றால் போனவர் திரும்ப வர முடியாது. மலேசியாவில் ஓர் அறைக்கு இரவொன்றுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி வேறு. ஜொகூரில் உள்ள லெகோலேண்டு கேளிக்கைப் பூங்காவுக்குப் போகிறவர்களுக்கு வேண்டுமானால் அங்கே அறை போடுங்கள்.

பருவத்தைப் பற்றிச் சுருக்கமாக. நம் கோடை விடுமுறை ஏப்ரல் பிற்பாதியில் தொடங்கிவிடுகிறது. சிங்கப்பூர்ப் பள்ளி விடுமுறை ஜூனில். ஆகவே மே நடுவுக்குள் வருபவர்களுக்கு அறையிலும் பூங்கா வரிசையிலும் லாபம். எஃப்1 கார்ப்பந்தய வாரத்தையும் டிசம்பர் கடைசியையும் தவிர்த்துவிடுங்கள். வெள்ளி, சனி இரவுகள் விலை கூடும். பூங்கா நாளைச் செவ்வாய், புதன், வியாழனில் ஒன்றாக வையுங்கள். காலை உணவு சேர்ந்த விலை தேக்காவில் தேவையில்லை, சந்தையின் கீழ்த்தளத்திலேயே இட்லியும் அப்பமும் கிடைக்கும்.

அடுத்த கோடைக்கான விலைச்சீட்டை அச்சடிக்கும்போது ‘அல்லது அதற்கு இணையானது’ என்பதை எடுத்துவிட்டு இவற்றை எழுதுங்கள்: ஹோட்டலின் பெயரும் தெருவும், வரியும் சேவைக் கட்டணமும் சேர்ந்த வெள்ளித் தொகை, அறையின் சதுர மீட்டர், ஜன்னல் உண்டா இல்லையா, மின்தூக்கி உண்டா, எத்தனை கட்டில், பதிவான பிள்ளைகளின் வயது, ஊதா வழித்தட நிலையத்துக்கு எத்தனை நிமிட நடை, எத்தனை மணிக்கு அறைச் சாவி. எல்லாம் சேர்ந்து அரைப் பக்கம்கூட வராது.

இப்படிக்கு,
ஊரிலிருந்து வருபவர்களுக்கு அறை தேடித் தரும் சிராங்கூன் சாலைத் தமிழர்கள் சிலர்