கரைசலும் ஒளியைச் சிதறடிக்கிறது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மாணவர் பகுதியில் கரைசல் (பொருள் முற்றிலும் கரைந்திருப்பது), கூழ்மம் (நுண்துகள்கள் அடியில் படியாமல் பரவி நிற்பது), தொங்கல் (பெரிய துகள்கள் சற்று நேரத்தில் படிந்துவிடுவது) ஆகிய மூவகைக் கலவைகளைப் பற்றி வெளிவந்த கட்டுரை எளிமையாக எழுதப்பட்டிருந்தது. ஆயினும் உண்மைக் கரைசல் ஒளியைச் சிதறடிப்பதே இல்லை என்று அதில் கூறப்பட்டிருப்பது சரியன்று. வகுப்பறைகளிலும் நெடுங்காலமாகச் சொல்லப்பட்டுவரும் பிழை இது என்பதால், பல ஆண்டுகள் வேதியியல் கற்பித்தவள் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

இருட்டறையில் உப்புக் கரைசலின் ஊடாக டார்ச் ஒளியைச் செலுத்தினால், பக்கவாட்டிலிருந்து பார்ப்பவருக்கு அதன் பாதை தெரிவதில்லை. சில சொட்டுப் பால் கலந்த நீரிலோ அது துலக்கமாகத் தெரிகிறது. பால் கலந்த நீர் போன்ற கூழ்மத்தின் துகள்கள் ஒளியைச் சிதறடிப்பதால் அதன் பாதை இவ்வாறு தெரிவதே டிண்டால் விளைவு. ஆனால் இங்கே கரைசலையும் கூழ்மத்தையும் பிரிப்பது சிதறலின் அளவுதான். ஒளியின் அலைநீளத்தைவிட மிகச் சிறியதாக உள்ள துகள் சிதறடிக்கும் ஒளி, அத்துகளின் விட்டத்தின் ஆறாம் அடுக்குக்கு ஏற்ப உயர்கிறது. விட்டம் இரு மடங்கானால் சிதறல் 64 மடங்காகும். அரை நானோமீட்டர் அளவுள்ள கரைபொருள் துகளையும் 50 நானோமீட்டர் அளவுள்ள கூழ்மத் துகளையும் ஒப்பிட்டால், விட்டத்தில் நூறு மடங்காக உள்ள வேறுபாடு சிதறலில் ஏறத்தாழ ஒரு லட்சம் கோடி மடங்காகப் பெருகிவிடுகிறது. கரைசலில் சிதறும் ஒளி நம் கண்ணுக்கு எட்டாமல் போவது இதனால்தான்.

தூசு முழுவதும் நீக்கிய தூய திரவம்கூட ஒளியைச் சிதறடிக்கிறது. அவ்வாறு சிதறிய மங்கலான ஒளியை ஆராய்ந்தே, அதில் அலைநீளம் மாறிய ஒரு பகுதி இருப்பதை 1928-இல் சர் சி.வி. இராமனும் கே.எஸ். கிருஷ்ணனும் கண்டறிந்தனர். திரவத்தின் மூலக்கூறுகள் ஒளியைச் சிதறடிக்காதிருந்தால் அந்தக் கண்டுபிடிப்புக்கே இடமிருந்திராது என்பதை மாணவர்கள் அறிய வேண்டாமா?

நிறத்தைப் பற்றிக் கட்டுரை எதுவும் கூறாததும் எனக்குக் குறையாகவே பட்டது. மிகச் சிறிய துகள்கள் சிவப்பைவிட நீலத்தைப் பல மடங்கு அதிகமாகச் சிதறடிப்பதால், நீரில் கலந்த பால் பக்கவாட்டில் இளநீலமாகவும், ஒளி ஊடுருவி வெளிவரும் திசையில் செம்மஞ்சளாகவும் தோன்றும். கொழுப்பு நீக்கிய பாலில் அந்த நீலம் இன்னும் தெளிவாகத் தெரியும். துகள்கள் அலைநீளத்தை மிஞ்சும் அளவுக்குப் பெரிதாகும்போது எல்லா நிறங்களும் ஏறக்குறைய ஒரே அளவில் சிதறுகின்றன. மூடுபனியும், சாக்பீஸ் தூள் கலக்கிய நீரும் வெண்மையாகத் தெரிவது அதனாலேயே. அந்தத் தூள் அடியில் படிந்ததும் மேலே தெளிந்த நீரில் ஒளியின் பாதை மங்கிவிடும்.

எனவே, உண்மைக் கரைசல் வெறும் கண்ணுக்குப் புலப்படும் அளவுக்கு ஒளியைச் சிதறடிப்பதில்லை என்று அந்த வரியைத் திருத்தி, அடுத்த மாணவர் பகுதியில் வெளியிடுமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியை