ஐந்து கிலோமீட்டர் டார்ச்சும் நாற்பது நிமிஷ பேட்டரியும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். ஐந்நூறு ரூபாய்க்குள் கிடைக்கும் அதிக வெளிச்ச எல்இடி டார்ச்களைப் பற்றி போன வாரம் உங்கள் நாளிதழில் ஒரு குறிப்பு வந்திருந்தது. எத்தனை லூமன் (வெளிச்சத்தின் அளவு), எவ்வளவு தூரம் அடிக்கும் என்று அட்டைப்பெட்டியில் இருப்பதை அப்படியே எடுத்துப் போட்டிருந்தீர்கள். படித்ததிலிருந்து மனசு கேட்கவில்லை. நான் தங்கச்சிமடத்தில் இருக்கிறேன். என் வீட்டுக்காரரும் கொழுந்தனாரும் நாட்டுப்படகில் வடகடலுக்கு நண்டு வலைக்குப் போகிறவர்கள். சாயங்காலம் வலை விட்டுவிட்டு, விடியுமுன் இருட்டிலேயே எடுக்கப் போவார்கள். வலை கரைக்கு வந்தபின் நண்டு கழற்றுவது பெண்கள் வேலை. அதனால் டார்ச் எங்கள் வீட்டில் அரிவாள்மனை மாதிரி, தினமும் கையில் எடுக்கிற சாமான்.

போன ஐப்பசியில் வீட்டுக்காரர் ராமநாதபுரத்தில் ஒரு கடையில் 499 ரூபாய்க்கு டார்ச் ஒன்று வாங்கி வந்தார். கறுப்பு அலுமினிய உடம்பு. தலையை முன்னால் இழுத்தால் வெளிச்சம் குவியும், தள்ளினால் விரியும். பெட்டியில் 1,00,000 லூமன், 5 கிலோமீட்டர், பேட்டரியின் கொள்ளளவு 9,900 எம்ஏஎச், வாட்டர்புரூஃப் என்று போட்டிருந்தது. அன்று ராத்திரி கரையில் நின்று அடித்தபோது, நங்கூரம் போட்டிருந்த படகுகளின் பெயரைப் படிக்க முடிந்தது. தெருப் பிள்ளைகள் மாற்றி மாற்றி வாங்கி வானத்தில் அடித்துப் பார்த்தார்கள். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

நாலாவது நாள் வாடைக்காற்று கொஞ்சம் கூடுதல். வலை இழுக்கும்போது என்ஜின் விசிறியில் வலை சுற்றிக்கொண்டது. கொழுந்தனார் கத்தியோடு தண்ணீரில் இறங்க, இவர் மேலேயிருந்து டார்ச் பிடித்திருக்கிறார். பாதி அறுப்பதற்குள் வெளிச்சம் மஞ்சளாகி, மங்கி, அப்புறம் அணைந்தே போய்விட்டது. மொத்தம் நாற்பது நிமிஷம்கூட எரியவில்லை. ஆடுகிற படகுக்கு அடியில், இருட்டில், கையில் கத்தியோடு ஒரு ஆள். அதே நேரம் ஒரு பெரிய படகின் விளக்கு அவர்கள் பக்கமாக வந்துகொண்டிருந்தது. இங்கே ஆள் இருக்கிறோம் என்று காட்ட, செல்போனைப் பாலித்தீன் பையோடு தூக்கி ஆட்டியிருக்கிறார் என் வீட்டுக்காரர். அந்தப் படகு விலகிப் போனது. கொழுந்தனாருக்கு இடது கையில் ஐந்து தையல். கரையில் நானும் என் ஓரகத்தியும் காலை ஒன்பது மணிவரை கடலையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

கடையில் போய்க் கேட்டதற்கு, 499 ரூபாய்க்கு என்ன எதிர்பார்க்கிறீர்கள் என்றார்கள். பெட்டியில் என்ன எழுதியிருக்கிறதோ அதைத்தான் எதிர்பார்த்தோம். நுகர்வோர் புகார் எண் 1915-க்குச் சொல்லலாம் என்றான் மகன். கையில் பில் இல்லை. கேட்டு வாங்காதது எங்கள் தவறு.

மகன் பாலிடெக்னிக்கில் மூன்றாம் வருஷம் படிக்கிறான். கிறிஸ்துமஸ் லீவுக்கு வந்தவன் டார்ச்சைப் பிரித்தான். உள்ளே இருந்தது 18650 என்கிற லித்தியம் பேட்டரி. 18 மில்லிமீட்டர் தடிமன், 65 மில்லிமீட்டர் நீளம், அதனால்தான் அந்தப் பெயர். இந்த அளவில் நல்ல பேட்டரிக்கே 3,500 எம்ஏஎச் சுமார்தான் உச்சம் என்றான். பிறகு 9,900 எங்கிருந்து வந்தது? பேட்டரியை அடகுக்கடைக்கு எடுத்துப்போய், தங்கம் நிறுக்கிற தராசில் வைத்துப் பார்த்தோம். 28 கிராம். நல்ல பேட்டரி 45 கிராமுக்குக் குறையாதாம். லித்தியம் பேட்டரிக்குக் கட்டாயமாக இருக்க வேண்டிய பிஐஎஸ் (இந்தியத் தரநிர்ணய அமைப்பு) பதிவு எண்ணும் அதில் இல்லை. பளபளவென்று ஒரு பிளாஸ்டிக் உறை மட்டும் இருந்தது.

அப்புறம் மீட்டர் வைத்து அளந்தான். டார்ச் எடுத்துக்கொள்ளும் மின்சாரம் 1.2 ஆம்பியர், அதாவது நாலரை வாட்டுக்கும் குறைவு. ஒரு வாட்டுக்கு நூறு லூமன் என்று வைத்தால் 400, 450 லூமன் வரும். பழைய 60 வாட் குண்டு பல்பு ஏறக்குறைய 700 லூமன் தரும். அந்தப் பெட்டி சொல்வது உண்மையானால், 140 குண்டு பல்பின் வெளிச்சம் என் கைக்குள் அடங்கியிருக்க வேண்டும். உள்ளங்கை வெந்துபோயிருக்கும்.

மதுரையில் பில்லோடு 320 ரூபாய்க்கு 2,600 எம்ஏஎச் பேட்டரி ஒன்று வாங்கி வரச்சொல்லி, அதே டார்ச்சில் போட்டோம். ஏழு மணி ஜெபமாலை முடிந்ததும் போட்டு அடுப்படியில் வைத்தேன். ஒன்பது அடித்துப் பத்து நிமிஷம்வரை எரிந்தது. 400 லூமன் என்பது குறைந்த வெளிச்சம் இல்லை, நண்டு வலைக்கு அது தாராளம். 400 லூமன், இரண்டு மணி நேரம் என்று நேர்மையாக எழுதி 800 ரூபாய்க்கு விற்றிருந்தால் நானே வாங்கியிருப்பேன்.

தூரத்தையும் பார்த்துவிட்டோம். மகன் வெள்ளைச் சாக்கைப் பிடித்துக்கொண்டு கரையோரம் நடந்தான். 120 எட்டு வைக்கிறவரை அவன் என்று தெரிந்தது, 200 எட்டில் சாக்கு மட்டும் வெளுப்பாகத் தெரிந்தது. டார்ச் செய்கிறவர்களுக்கு 2009-இல் அமெரிக்காவில் வகுத்த ஓர் அளவுமுறை இருக்கிறதாம், ஏஎன்எஸ்ஐ எஃப்எல்1 என்று பெயர். போட்டவுடன் அளக்கக் கூடாது, 30 விநாடியாவது போக வேண்டும். எரியும் நேரம் என்பது வெளிச்சம் பத்தில் ஒரு பங்காகக் குறைகிறவரை. தூரம் என்பது, விழுகிற வெளிச்சம் பௌர்ணமி நிலவின் அளவுக்கு இறங்குகிற இடம். பௌர்ணமி வெளிச்சம் எவ்வளவு என்று கடல்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். அந்த முறையில் அளந்து தமிழில் எழுதிப் போட்டால் எங்களுக்கு நன்றாகவே புரியும்.

தண்ணீர்ச் சோதனையில்தான் இந்த டார்ச் மோசமாகத் தோற்றது. வாளியில் கடல் தண்ணீர் எடுத்து பத்து நிமிஷம் முக்கி வைத்தேன். கண்ணாடிக்கு உள்ளே மூடுபனி படர்ந்துவிட்டது. மூன்றாம் நாள் ஸ்பிரிங்கில் பச்சைப் பாசி மாதிரிக் களிம்பு. காரணம் அந்த இழுக்கிற தலைதான். முன்னால் இழுக்கும்போதெல்லாம் ஊசிபோடுகிற குழாய் மாதிரி வெளிக்காற்றை உள்ளே உறிஞ்சுகிறது. எங்கள் ஊர்க் காற்றில் தண்ணீரோடு உப்பும் சேர்ந்து போகும். சார்ஜ் போடுகிற ஓட்டையை மூடும் ரப்பரும் ஒரு மாதத்தில் தளர்ந்துவிட்டது. தண்ணீர் தாங்கும் தரத்துக்கான ஐபிஎக்ஸ்7 என்ற குறியைப் போட்டிருந்தால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரைமணி நேரம் தாங்க வேண்டும். அதுவும் நல்ல தண்ணீரில் வைத்துப் பார்க்கிற சோதனை. கடலுக்குக் கொண்டுபோகிறவர்கள் தலை அசையாத டார்ச்சாகப் பார்த்து வாங்குங்கள். வீட்டுக்கு வந்ததும் மூடியைத் திறக்காமல் நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து வையுங்கள்.

இன்னொன்று, வெளிச்சம் கூடக்கூட நல்லது என்று கரையில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். ஈர வலையில் பட்டு அது கண்ணிலேயே திருப்பி அடிக்கும். அப்புறம் இருட்டு பழக இருபது, முப்பது நிமிஷம் ஆகும், அதற்குள் பக்கத்தில் இருக்கும் மிதவைகூடத் தெரியாது. நண்டின் கொடுக்கைப் பார்த்துக் கழற்ற எனக்கு வேண்டியது மங்கலாக, அகலமாக விழுகிற வெளிச்சம். இந்த டார்ச்சிலோ ஒவ்வொரு தடவையும் முழு வெளிச்சம், குறைவு, வெட்டி வெட்டி எரிவது என்று மூன்றையும் தாண்டித்தான் அணைக்க முடிகிறது. ஈரக்கை தவறிப் பட்டால் முகத்துக்கு நேராக மின்னத் தொடங்கிவிடும்.

எல்இடி என்றதும் சிலர் தடையை நினைத்துக்கொள்வார்கள். 2017-இல் மத்திய அரசு தடை செய்தது விளக்குப் போட்டு மீனைக் கூட்டிப் பிடிப்பதை. அந்தத் தடை வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. நான் பேசுவது கைவிளக்கைப் பற்றி.

மீன்வளத் துறைக்கு ஒரு கோரிக்கை. உயிர்காப்புச் சட்டை கொடுக்கிறீர்கள், ஜிபிஎஸ் கொடுக்கிறீர்கள். அதோடு உப்புத் தண்ணீரில் முக்கிச் சோதித்த, நல்ல பேட்டரி போட்ட டார்ச் ஒன்றைப் படகுக்கு ஒன்றாக மானிய விலையில் கொடுங்கள். என்ஜினுக்கு ஒரு நாள் ஊற்றுகிற டீசல் காசுகூட ஆகாது.

ஆசிரியர் ஐயா, அடுத்த தடவை டார்ச் பற்றி எழுதும்போது பெட்டியைப் படிக்காமல், போட்டு எரியவிட்டுப் பார்த்து, எத்தனை நிமிஷம் என்று எழுதுங்கள். உங்கள் நிருபர் எங்கள் கரைக்கே வரலாம். விடிகாலை நான்கு மணிக்குப் படகுகள் வரத் தொடங்கும். வாளியும் கடல் தண்ணீரும் தருகிறேன், அடகுக்கடைத் தராசுக்கும் நானே கூட்டிப்போகிறேன்.

இப்படிக்கு,
நண்டு வலைக் குடும்பத்து வாசகி,
தங்கச்சிமடம், ராமநாதபுரம் மாவட்டம்