செயலாளரின் ஆண்டறிக்கை – 2025

தலைவர் அவர்களுக்கும் நிர்வாகசபையினருக்கும் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

எமது சிறுதொழில் செய்வோர் சங்கத்தின் நிர்வாகசபை மாதந்தோறும் கூடியது. நவம்பர்க் கூட்டம் மட்டும் புயல் மழையால் தள்ளிப்போனது. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். சந்தா பாக்கி வைத்திருப்பவர்களின் பெயர்களை நான் வாசிக்கவில்லை; அவர்களுக்கே தெரியும்.

இந்த ஆண்டு எமது நேரத்தில் பாதியை, தொழிலால் சுற்றாடலுக்கு என்ன கேடு என்று கேட்கும் ஒரு படிவம் தின்றது. நெல்லிரசம் செய்யும் எமது உறுப்பினர் ஒருவர் பெப்ரவரியில் அதைக் கையில் பிடித்தபடி என் படலையில் நின்றார். ரொரன்ரோவில் தமிழ்க் கடைகளுக்குச் சாமான் இறக்குபவர் அனுப்பியது, 14 பக்கம். மகனைக் கொண்டு தமிழாக்கி, தானே நிரப்பத் தொடங்கியிருந்தார். பூமியைச் சூடாக்கும் கரியமிலவாயு போன்றவற்றைப் பற்றி ‘உங்கள் பச்சைவீட்டு வாயு வெளியீடு எவ்வளவு?’ என்று கேட்ட கேள்விக்கு, ‘எங்களிடம் பச்சை வீடு இல்லை, தகரக் கொட்டில்தான்’ என்று எழுதியிருந்தார். சிரித்தேன். அப்புறம் யோசித்தால், எனக்கும் அதற்குமேல் சொல்லத் தெரியவில்லை.

அவருடைய கதையைச் சொன்னால் எங்கள் எல்லோருடைய கதையும் வந்துவிடும். அவரும் மனைவியும் குசினியில் காய்ச்சிய காலத்தில் வெறும் போத்தலைத் திருப்பிக் கொடுத்தால் விலையில் கொஞ்சம் கழிப்பார்கள். நெல்லிச் சக்கை எருக்கிடங்குக்கு, கழுவிய தண்ணீர் வாழைக்கு. காசை மிச்சம் பிடிக்கச் செய்ததுதான். சுற்றாடலைக் கெடுக்காமல் தொழில் நடத்துவதற்கு நிலைபேறு என்று பெயர்; அந்தச் சொல்லே அவர்களுக்குத் தெரியாது. இன்று 18 பேர் வேலை செய்கிறார்கள். கொழும்பு லொறியில் கண்ணாடி உடைகிறதென்று பிளாஸ்டிக் போத்தல் வந்தது, திருப்பி வாங்குவது நின்றது. கழுவும் தண்ணீர் பலமடங்காகி, வாழை அழுகி, மிச்சம் வேலியைத் தாண்டி அடுத்த வளவில் தேங்கியது. பக்கத்து வீட்டு அக்கா பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கூட்டி வந்தபிறகுதான் இவருக்கு விளங்கியது. எங்கள் நிலம் சுண்ணக்கல். மேலே ஊற்றுவது கீழே கிணற்றுக்குப் போகும். சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் மிதந்ததைப் பார்த்த ஊருக்கு இதை விளக்கத் தேவையில்லை.

சின்னவர்கள் சிக்கனத்தால் தப்பிவிடுகிறார்கள். பெரியவர்களுக்குச் சட்டம் இருக்கிறது: கொழும்புப் பங்குச் சந்தையின் முதல் 100 கொம்பனிகள் 2025 ஜனவரி தொடக்கம் எஸ்.எல்.எஃப்.ஆர்.எஸ். எனும் இலங்கை நிதி அறிக்கைத் தரங்களில் எஸ்1, எஸ்2 ஆகியவற்றின்படி நிலைபேறு விபரம் வெளியிட வேண்டும். தங்களுக்குச் சாமான் கொடுப்பவர்களின் கணக்கையும் அவர்கள் கேட்பார்கள், ஆகவே அந்தப் படிவமும் ஒருநாள் அச்சுவேலி வரைக்கும் வரும். இடையில் நிற்பவர்தான் வழுக்குகிறார். பழைய பழக்கம் கைவிட்டுப் போயிருக்கும், புதிய ஒழுங்கு வந்திருக்காது. வியாபார அனுமதிப்பத்திரம் இருந்தால் போதும் என்று நினைக்கிறவர்களும் இவர்கள்தான். 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரம் என்று வேறொன்று உண்டு. மாசு குறைந்த தொழில்களுக்கு உள்ளூராட்சி சபையிலும், மற்றவற்றுக்கு மத்திய சுற்றாடல் அதிகார சபையிலும் எடுக்க வேண்டும். உங்கள் தொழில் எந்தப் பட்டியலில் என்று தயவுசெய்து போய்க் கேளுங்கள்.

படிவத்தை மூன்று மாலை இருந்து நிரப்பினோம். வாயுக் கணக்கு மூன்று பங்காக வருகிறது: நாங்களே எரிக்கும் விறகும் ஜெனரேற்றர் டீசலும் ஒன்று, வாங்கும் மின்சாரம் இன்னொன்று, போத்தல், லொறி, கப்பல் எல்லாம் மூன்றாவது. போத்தலின் நிறை யாருக்கும் தெரியாததால் நெல்லி நிறுக்கும் தராசிலேயே வைத்து நிறுத்தோம். வாங்குபவர் ஏற்றுக்கொண்டார். ஆனால் அடுத்த ஆண்டு இதோடு ஒப்பிட்டுக் காட்டச் சொல்லிவிட்டார்!

அதனால்தான் சங்கம் சி.ஆர். கொப்பி என்ற தடித்த மட்டைக் கொப்பி வாங்கிக் கோடு போட்டுக் கொடுத்தது: மின்சார அலகு, டீசல் லீற்றர், தண்ணீர் மோட்டர் ஓடிய மணி, வந்த போத்தல், திரும்பிய போத்தல். மாவு மில் வைத்திருக்கும் ஒருவர் இரண்டாம் மாதமே மோட்டர் கணக்கைப் பார்த்துத் திகைத்தார். தாங்கியின் மிதவை வால்வு பழுதாகி, இரவிரவாகத் தண்ணீர் வழிந்திருக்கிறது.

ஜூலைக் கூட்டத்தில் மூத்த உறுப்பினர் ஒருவர், “முந்திப் பனங்கட்டி காய்ச்சினவன் ஊமலையும் கொக்கறையையும்தான் எரிச்சவன், அவனுக்கு ஆர் படிவம் குடுத்தது?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் அவனிடம் 18 பேர் வேலை செய்யவில்லை ஐயா.

நவம்பர் 1 முதல் கடைகள் பொலித்தீன் சொப்பிங் பையை இலவசமாகக் கொடுக்க முடியாது என்ற அறிவித்தலை எல்லோருக்கும் அனுப்பினோம். போத்தலைத் திரும்ப எடுக்கும் பொது ஏற்பாடு பற்றிப் பேசினோம், முடிவாகவில்லை. கழுவுவது யார் என்பதில் நிற்கிறது. புதிய நிர்வாகசபை அங்கிருந்து தொடங்கட்டும்.

போன பொதுக்கூட்டத்தில் கடதாசிக் கோப்பையில் தேநீர் கொடுத்ததற்கு வாங்கிய ஏச்சு மறக்கவில்லை. இம்முறை சில்வர் பேணி. குடித்துவிட்டு வாளிக்குள் போடுங்கள். கொப்பி இன்னும் எடுக்காதவர்களுக்கு வாசல் மேசையில் இருக்கிறது. இவ்வறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு சபையைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்
யாழ்ப்பாணம்