காந்தலுக்குக் குடிவரும் தம்பிக்கு

அன்புள்ள முருகேசன் தம்பிக்கு,

மாற்றல் உத்தரவு வந்து, டிசம்பரில் ஊட்டிக்கு வருகிறீர்கள். காந்தலில் வீடும் பார்த்தாயிற்று. அம்மாவுக்குக் குளிர் ஆகாது என்பதால் ஒரு கும்முட்டி அடுப்பும் ஒரு மூட்டைக் கரியும் லாரியில் ஏற்றப்போவதாகச் சொன்னீர்கள். இரண்டையும் ராமநாதபுரத்திலேயே யாருக்காவது கொடுத்துவிடுங்கள்.

ஜன்னலைச் சாத்திய அறையில் கரி எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு வாசனை கிடையாது, கண்ணும் கரிக்காது. கரி நன்றாகச் சிவந்து புகை அடங்கியதும் 'இனி பயமில்லை' என்று நினைத்து உள்ளே தூக்கி வைப்பார்கள், ஆபத்தே அங்கேதான். ரத்தம் ஆக்சிஜனை விட இருநூறு மடங்குக்கும் மேல் இறுக்கமாக இந்த வாயுவைப் பிடித்துக்கொள்ளும். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் இப்படித் தூங்கப் போனவர்கள் எழுந்திருக்காத செய்தி பேப்பரில் வந்திருக்கிறது. ஒரே அறையில் இரண்டு பேருக்கு ஒரே நேரத்தில் தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல் என்றால் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று படுக்க வைக்காதீர்கள். வெளிக்காற்றுக்குக் கொண்டுவந்துவிட்டு 108-ஐக் கூப்பிடுங்கள். கேஸ் கீசரும் இதே ஜாதிதான்; அதைக் குளியலறைக்கு வெளியே மாட்டச் சொல்லுங்கள்.

அம்மாவுக்கு ஹீட்டர் போதும். 2,000 வாட் ஹீட்டர் ஏறக்குறைய 9 ஆம்பியர் இழுக்கும். சின்ன 6 ஆம்பியர் பிளக்கிலோ எக்ஸ்டென்ஷன் பெட்டியிலோ சொருகினால் பிளக் உருகும். 16 ஆம்பியர் பாயிண்ட் இருக்கிறதா என்று வீட்டுக்காரரிடம் இப்போதே கேட்டுவிடுங்கள். வெந்நீர்ப் பையில் கொதிக்கக் கொதிக்க ஊற்றாமல், முக்கால் பாகம் நிரப்பி, காற்றை அழுத்தி வெளியேற்றி, துணி சுற்றிக் கொடுங்கள். வயதானவர்களுக்குச் சூடு உறைப்பதற்குள் தோல் வெந்துவிடும்.

இனி பனி. டி.வி.யில் 'மினி காஷ்மீர்' என்று காட்டுவதைப் பார்த்துவிட்டு வானத்திலிருந்து கொட்டும் என்று எதிர்பார்க்க வேண்டாம். மேகமும் காற்றும் இல்லாத இரவில் தரை தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிடும். அதை ஒட்டிய காற்றில் உள்ள ஈரம் புல்லின் மேல் அப்படியே பனிக்கட்டித் தூளாகப் படியும். குளிர்ந்த காற்று கனம். பள்ளம் பார்த்து வடியும். அதனால்தான் மேட்டு வீட்டுக்காரருக்கு வெறும் ஈரம், காந்தலிலும் குதிரைப் பந்தய மைதானத்திலும் தலைகுந்தாவிலும் வெள்ளை. போனில் 3 டிகிரி என்று பார்த்துவிட்டு, பூஜ்யத்துக்குப் போகவில்லையே என்று இருந்துவிடாதீர்கள். வெப்பமானி இருப்பது ஆள் நெஞ்சு உயரத்தில். புல் நுனி அதைவிடச் சில டிகிரி கீழே இருக்கும்.

சாயங்காலம் ஏழு மணிக்கு வாசலுக்கு வந்து அண்ணாந்து பாருங்கள். நட்சத்திரம் பளிச்சென்று தெரிந்து, ஒரு இலையும் அசையவில்லை என்றால் விடிகாலையில் உறைபனிதான். மேகம் மூடியிருந்தால் போர்த்திக்கொண்டு தூங்கலாம். செய்ய வேண்டிய எல்லாமே அந்தச் சாயங்கால வேலைதான். காலை ஐந்து மணிக்கு எழுந்து செய்ய ஒன்றும் மிச்சமிருக்காது.

குழாய் எல்லா வருஷமும் உறையாது. உறைந்தால் தண்ணீர் ஒன்பது சதவீதம் உப்பி, பைப்பையோ, அது திரும்பும் இடத்தில் உள்ள எல்போ இணைப்பையோ பிளக்கும். உறைந்திருக்கும்போது ஒழுகாது, வெயில் ஏறி இளகிய பிறகே விரிசல் தெரியும். அதற்குள் நீங்கள் ஆபீஸ் போயிருப்பீர்கள், டேங்க் காலி. சுவருக்கு வெளியே ஓடும் பைப்புக்குக் கோணிச் சாக்கு சுற்றி, மேலே பிளாஸ்டிக் தாள் கட்டுங்கள். நனைந்த சாக்கு சுற்றாததற்குச் சமம். அதைவிட நல்லது, இரவில் டேங்க் வால்வை மூடி, கீழ்க்கோடிக் குழாயைத் திறந்து லைனை வடித்துவிடுவது. அப்படியும் உறைந்தால் குழாயைத் திறந்து வைத்து, வாய்ப்பக்கத்திலிருந்து வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றிக்கொண்டே பின்னோக்கிப் போங்கள். நடுவில் சூடாக்கினால் இளகிய தண்ணீருக்குப் போக வழியில்லை.

காரின் முன் கண்ணாடிமேல் இரவே அட்டை வைத்து, வைப்பரால் அழுத்திவிடுங்கள். மறந்துவிட்டால் பழைய பிளாஸ்டிக் அட்டையால் சுரண்டுங்கள். சுடுதண்ணீர் ஊற்றினால் கண்ணாடி விரிசல் விடும். ஒட்டிய வைப்பரை ஓடவிட்டால் ரப்பர் கிழியும். ரேடியேட்டரில் வெறும் தண்ணீர் இருந்தால் கீழேயே கூலண்ட் பாதி, தண்ணீர் பாதி என்று மாற்றிக்கொண்டு ஏறுங்கள். ஸ்கூட்டரில் போகும்போது வெயில் படாத வளைவுகளில் சடாரென்று பிரேக் வேண்டாம்.

தோட்டம் போட ஆசை என்றீர்களே, அங்கேதான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். உருளைக்கிழங்கு இலை ஒரே இரவில் கருகி, வேகவைத்த கீரை மாதிரித் தொங்கும். இலைக்குள் இருக்கும் நீர் உறைந்து செல்களைச் சிதைப்பதுதான் காரணம். பகலில் மண்ணுக்குத் தண்ணீர் விடுங்கள். ஈர மண் சூட்டைச் சேர்த்துவைத்து இரவில் மெல்ல விடும். நாற்றுகளைத் தாவரவியல் பூங்காவில் செய்வதுபோல கோத்தகிரி மிலார் என்ற செடியால் பந்தல் போட்டு மூடலாம். பிளாஸ்டிக் தாள் என்றால் குச்சி நட்டு, இலையில் படாமல் கட்டுங்கள். பட்ட இடம் அப்படியே கருகும். எதனால் மூடினாலும் வெயில் ஏறியதும் எடுத்துவிட வேண்டும்.

ஸ்பிரிங்ளர் வைப்பதானால் அரைகுறையாக வேண்டாம். ஒரு கிராம் தண்ணீர் உறையும்போது 80 கலோரி வெப்பத்தை விடுகிறது, செடியைக் காப்பது அதுதான். உறையத் தொடங்கும் முன்பே திறந்து, பனிக்கட்டி தானாக இளகி உதிரும் வரை விடாமல் ஓட்ட வேண்டும். இடையில் மோட்டார் நின்றால் இலை மேலுள்ள நீர் ஆவியாகி, இருந்த சூட்டையும் எடுத்துக்கொண்டு போகும். தெளிக்காமலே விட்டிருந்தால்கூட அவ்வளவு சேதம் வராது. அதிகாலையில் உங்கள் தெருவில் கரண்ட் நிற்குமா என்று பக்கத்து வீட்டில் விசாரித்துவிட்டு ஸ்பிரிங்ளர் வாங்குங்கள். நிற்கும் என்றால் மிலாரே போதும்.

அன்புடன்,
காந்தல் தெருக்காரர்கள்